டத்தோ தேதி கொடுத்துவிட்டார்

வட சிலாங்கூர் தமிழ் நாவல் வளர்ச்சிப் பேரவை தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகியும் இதுவரை ஒரு நாவலையும் வளர்த்ததில்லை. அதற்காக யாரையும் குறை சொல்ல முடியாது. பேரவைக்குத் தலைவர் இருந்தார், துணைத்தலைவர்கள் இருந்தார்கள், செயலாளர் இருந்தார். பெயர் பொறித்த பதாகையும், எல்லாருக்கும் ஒரே நிறத்தில் பாத்தேக் சட்டையும் இருந்தன. நாவல் மட்டும்தான் இல்லை. அதை யாரும் பெரிதாகத் தேடவும் இல்லை. இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த பேரவையின் தலையில் ஒரு நாள் இடி விழுந்தது. டத்தோ தேதி கொடுத்துவிட்டார்.

வெளியூர்க்காரர்களுக்கு இதை விளக்கியாக வேண்டும். நூல் வெளியீட்டு விழா என்றால் முதலில் நூல் வேண்டும் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருப்பார்கள். எங்கள் பக்கத்தில் முதலில் டத்தோ வேண்டும், அதாவது சுல்தானிடம் பட்டம் வாங்கிய பெரிய மனிதர். டத்தோ கிடைத்தால் மண்டபம் கிடைக்கும். மண்டபம் கிடைத்தால் சாப்பாட்டுக்காரரிடம் சொல்லலாம், அழைப்பிதழ் அடிக்கலாம். கடைசியில் நேரம் இருந்தால் நூலைப் பார்த்துக்கொள்ளலாம். பேரவை ஒவ்வோர் ஆண்டும் டத்தோவிடம் தேதி கேட்கும், டத்தோவும் ஒவ்வோர் ஆண்டும் இல்லை என்பார். இந்த ஆண்டு என்ன கிரகமோ, பள்ளி விடுமுறையின் முதல் சனிக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டார்.

கோல சிலாங்கூரில் அவசரக் கூட்டம் கூடியது. தலைவர் 'நாவல் காவலர்' புவனேசன், மழை வரும்போது குடை கேட்பவரைப் போலச் சபையைப் பார்த்துக் கேட்டார்.

"யார்கிட்டயாவது நாவல் இருக்கா?"

கடைசி வரிசையில் சுகுமாறன் வடை தின்றுகொண்டிருந்தான். அவன் உறுப்பினர்கூட இல்லை. பள்ளி வேன் ஓட்டுபவன். சுங்கை பெசாரிலிருந்து உறுப்பினர்களை ஏற்றிக்கொண்டு வந்ததால் உள்ளே உட்கார வைத்திருந்தார்கள். அவன் கையைத் தூக்கினான். அவன் வாழ்க்கையில் செய்த பெரிய தப்பு அதுதான்.

"எழுதிக்கிட்டிருக்கேன் ஐயா. கடைசி அத்தியாயம் ஒண்ணுதான் பாக்கி. ஒரு வாரம் யாரும் தொந்தரவு பண்ணாம விட்டாப் போதும், முடிச்சிடுவேன்."

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அவன் சொன்னதில் கடைசி வாக்கியம் யார் காதிலும் விழவில்லை.

சுகுமாறன் வேனிலேதான் எழுதினான். காலையில் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளியில் இறக்கிவிட்டால் மதியம் ஏற்றும்வரை வண்டி மரத்தடியில் நிற்கும். இருக்கையைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு, கட்டைவிரலால் போனில் தட்டுவான். மாலையில் வீட்டுக்கு வந்ததும் அன்றைக்கு எழுதியதை அக்காவுக்குப் படித்துக்காட்டுவான்.

அக்கா விஜயராணிதான் அந்த நாவலின் நாயகி. முதல் வாசகியும் அவள்தான், ஆனால் காதால் வாசிப்பவள். இளவயதில் செம்பனைத் தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை பார்த்தாள். முதுகில் சுமக்கும் பழைய பம்பு ஒரு நாள் பிய்த்துக்கொண்டு மருந்து முகத்தில் அடித்தது. ஒரு கண் உடனே போனது, இன்னொன்று மெல்ல மெல்லப் போனது. கண்ணில் கட்டோடு கிடந்தவளைப் பார்க்க, வேலை வாங்கும் மண்டோர் லயத்து வீட்டுக்கே வந்து, "வீட்டுல தாளிக்கும்போது எண்ணெ தெறிச்சிருச்சின்னு சொல்லிடு, எல்லாருக்கும் நல்லது" என்றார். விஜயராணி அப்படிச் சொல்லவில்லை. மறுநாள் அதே பம்பை முதுகில் மாட்டிக்கொண்டு தோட்ட ஆபீஸ் வாசலில் போய் நின்றாள். அந்த ஒரு நாள்தான் கடைசி அத்தியாயம்.

"மத்ததெல்லாம் நீ எப்படி வேணும்னாலும் கதை விடு," என்று அவள் தம்பியிடம் சொல்லியிருந்தாள். "அந்த நாளை மட்டும் நடந்தபடி எழுதிடு. அதைப் பத்தி யாரும் எங்கயும் எழுதி வைக்கல. புத்தகத்துல வந்துட்டா அப்புறம் இல்லன்னு சொல்ல முடியாதுல்ல."

அவளுக்கு இதயம் பழுதாகியிருந்தது. டாக்டர் சுகுமாறனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதை அவள் கதவுக்கு அந்தப் பக்கமிருந்தே கேட்டுவிட்டாள். அதனால் பேரவை புத்தகம் போடுகிறது என்றதும் தம்பியைவிட அவளுக்குத்தான் சந்தோஷம்.

"சீக்கிரம் எழுதுலா," என்றாள். "டத்தோவுக்கு முன்னாடி நான் தேதி கொடுத்திடுவேன் போலிருக்கு."

மறுநாள் வேனில் உட்கார்ந்து முதல் வாக்கியத்தைத் தட்டினான். 'விஜயராணி பம்பைக் கழற்றவில்லை.' அடுத்த வாக்கியத்துக்குக் கட்டைவிரலைத் தூக்கியபோது போன் அடித்தது. பேரவைச் செயலாளர் தேவதாஸ்.

"சுகு, ஞாயித்துக்கெழம எழுதத் தொடங்கும் விழா. வேட்டி கட்டிக்கிட்டு வந்துடு."

"எழுதத் தொடங்கி ரொம்ப நாளாச்சுங்களே."

"அது நீ தொடங்குனது. பேரவை இன்னும் தொடங்கலையே!"

அப்படியாக எழுதத் தொடங்கும் விழா நடந்தது. குத்துவிளக்கு ஏற்றினார்கள். வெள்ளித் தட்டில் ஒரு பேனாவை வைத்து நாதஸ்வரத்தோடு மேடைக்குக் கொண்டுவந்தார்கள். சுகுமாறன் போனில்தான் எழுதுகிறான் என்று யாரோ நினைவுபடுத்தியதும், அவனுடைய போனையும் தட்டில் வைத்துச் சந்தனம் தடவினார்கள். அது வீடு வந்தபிறகும் சரியாக வேலை செய்யவில்லை. புவனேசன் தலைமையுரை ஆற்றினார்.

"நான் இதுவரைக்கும் ஒரு நாவல்கூடப் படிச்சதில்ல," என்று தொடங்கினார். "ஏன்? நேரமில்ல. ஏன் நேரமில்ல? நாவலை வளர்த்துக்கிட்டிருந்தேன்! படிக்கிறவன் தனக்காகப் படிக்கிறான். வளர்க்கிறவன் சமுதாயத்துக்காகப் படிக்காம இருக்கான்!"

மண்டபம் அதிர்ந்தது. முன்வரிசையில் ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எழுத்தாளன் தனியாக விடப்பட்டால் சோர்ந்துபோவான் என்று பேரவை கண்டுபிடித்திருந்தது. எனவே ஊக்கக் குழு ஒன்று அமைந்தது, அதற்கு வாட்ஸ்அப் குழுவும் அமைந்தது. விடிந்ததும் அதில் தாமரைப் பூக்கள் வரும். பூவுக்குக் கீழே 'முயற்சி செய், முன்னேறு' என்றிருக்கும். பிறகு குரல் பதிவுகள் வரும். 'எழுதியாச்சா?' என்று ஒருவர் கேட்பார். 'அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள், எழுதட்டும்' என்று இன்னொருவர் நீளமாகப் பேசி அனுப்புவார். அதைப் பாராட்டி மற்றவர்கள் கைகூப்பும் படங்களை அனுப்புவார்கள். சுகுமாறன் இரண்டு நாள் பதில் போடாமல் இருந்து பார்த்தான். தேவதாஸ் கூப்பிட்டார்.

"என்னா சுகு இப்படிப் பண்ணிட்ட? நவமணி டீச்சர் அழுவுறாங்க."

"ஏன், என்னாச்சு?"

"அவங்க தாமரைக்கு நீ நன்றி சொல்லல. காலங்காத்தால எழுந்து உனக்காக அனுப்புறாங்க. ஒரு வார்த்த சொன்னா கொறஞ்சா போயிடுவ?"

அன்று மரத்தடியில் இருந்த நேரம் முழுவதும் நன்றி தட்டினான். மாலையில் அக்கா கேட்டாள். "இன்னிக்கி என்னா எழுதுன?"

"விஜயராணி பம்பைக் கழற்றவில்லை."

"அது நேத்தும் சொன்னே."

"நேத்தும் அதான் எழுதுனேன்."

அடுத்து வீட்டு வருகை. குழு குழுவாக வந்தார்கள். ஆரஞ்சுப் பழமும் பிஸ்கட் டின்னும் கொண்டுவந்து, கூடத்தில் உட்கார்ந்து, "நாங்க இருக்கோம்னு நெனைக்காதீங்க, நீங்க பாட்டுக்கு எழுதுங்க" என்றார்கள். அவன் எழுதுவதைப் படமெடுத்தார்கள். படத்தில் எழுதுவது தெரியவில்லை என்று பேனாவைக் கொடுத்து மோவாயில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். காப்பி போட்டுப் போட்டு விஜயராணிக்கு மூச்சு வாங்கியது. இவள்தான் கதாநாயகி என்று சுகுமாறன் அறிமுகப்படுத்தினான். வந்தவர்கள் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். "அக்கா நல்லா ஒத்துழைப்புக் குடுக்கணும்" என்று சொல்லிவிட்டு இன்னொரு காப்பி கேட்டார்கள்.

முன்னேற்றக் கண்காணிப்புக் கூட்டம் சுங்கை பெசாரில் நடந்தது. சென்ற கூட்டக் குறிப்பை வாசித்து ஏற்றபிறகு சுகுமாறனை எழுப்பி நிறுத்தினார்கள்.

"எத்தன பக்கம் ஆயிருக்கு?" என்றார் புவனேசன்.

"ஒரு வாக்கியம் ஐயா."

"ஏன் இப்படி?"

"நேரம் கிடைக்கலைங்க. விழாவுக்கு வந்தேன், அப்புறம் எல்லாரும் வீட்டுக்கு வந்தீங்க, இப்ப இந்தக் கூட்டம்..."

சபை கவலையோடு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. இதை ஆராயத் துணைக்குழு அமைத்தார்கள். துணைக்குழு அங்கேயே ஓரமாகப் போய் ஆராய்ந்து, பலகாரம் தீர்வதற்குள் அறிக்கையோடு திரும்பி வந்தது. எழுத்தாளருக்கு ஊக்கம் போதவில்லை என்பது அறிக்கை. ஊக்கத்தை இரட்டிப்பாக்க ஏகமனதாக முடிவானது.

எனவே புஞ்சாக் ஆலாமில் மூன்று நாள் ஊக்க முகாம். பேச்சாளர் 'எழுச்சிச் சுடர்' மகேந்திரன். முன்பு தண்ணீர் வடிகட்டி விற்றவர், இப்போது நம்பிக்கை தருகிறார். மூன்று நாளும் வேனை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு சுகுமாறன் அங்கே கிடந்தான். முகாமுக்கு வந்திருந்த மற்ற எல்லாரும் பேரவை உறுப்பினர்கள். அவர்கள் யாரும் எதையும் எழுதவில்லை, அதனால் முகம் தெளிவாக இருந்தார்கள்.

"எழுதுறது ஈசி!" என்று மகேந்திரன் மைக்கைத் தூக்கிப் பிடித்துக் கத்தினார். "எழுதாம இருக்கிறதுதான் கஷ்டம். நான் எத்தன வருஷமா எழுதாம இருக்கேன், என்னப் பாருங்க! சோர்ந்து போனேனா?"

"இல்ல!" என்றது கூட்டம்.

பிறகு எல்லார் கையிலும் பலூன். அவரவர் தடையை அதில் எழுதி, ஓடிப்போய் உடைக்க வேண்டும். சோம்பல், பயம், தூக்கம் என்று பலூன்கள் வெடித்தன. மகேந்திரன் சுகுமாறனின் தோளில் கைபோட்டார்.

"சொல்லுங்க பிரதர், உங்க தடை என்னா?"

சுகுமாறனுக்கு மறைக்கத் தெரியாது. "இந்த முகாம்தாங்க" என்றான்.

மண்டபமே சிரித்தது. நகைச்சுவை உணர்வு வந்துவிட்டால் பாதி வெற்றி என்று மகேந்திரன் அவனைக் கட்டிப்பிடித்தார். அதையும் படமெடுத்தார்கள்.

முகாம் முடிந்து வந்த அன்று விஜயராணிக்குக் கால் வீங்கியிருந்தது. எதுவும் கேட்காமல் படுத்திருந்தாள். மறுநாள் பிள்ளைகளை இறக்கிவிட்டு, மரத்தடியில் வண்டியை நிறுத்தி, சுகுமாறன் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதான். அவனுக்குப் பயமாக இருந்தது. அந்த நாள் மொத்தமும் அவன் மண்டைக்குள் இருந்தது. உட்கார விட்டால் வந்துவிடும். உட்கார விடுவதற்குத்தான் ஆளில்லை. அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, துணிந்து புவனேசன் வீட்டுக்கே வண்டியை விட்டான்.

"ஐயா, கால்ல விழுறேன். எனக்கு ஊக்கம் போதும். ஒரே ஒரு நாள் சத்தமில்லாம இருக்கணும். அக்காவுக்கு முடியல. அவங்க இருக்கும்போதே முடிச்சிடணும்."

புவனேசன் உருகிவிட்டார். அவனைத் தட்டிக்கொடுத்தார். "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே தம்பி. அமைதிதான வேணும்? பேரவை ஏற்பாடு பண்ணும்." வாசல்வரை வந்தவர் குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணு. முடிவு சந்தோஷமா இருக்கட்டும். டத்தோ முதல் பக்கம் பார்ப்பாரு, கடைசிப் பக்கம் பார்ப்பாரு. நடுவுல நீ என்னா வேணா எழுதிக்க. நமக்கு விளம்பரம் குடுத்திருக்கிறது ஒரு தோட்டக் கம்பெனி, அவங்க மனசும் நோகக்கூடாது."

"அந்த நாள் சந்தோஷமா இல்லைங்களே ஐயா."

"அதுக்குத்தான நாவல்ங்கிறது!" என்றார் நாவல் காவலர்.

அமைதி நாளும் வந்தது. 'மாபெரும் மௌன ஊக்க நிகழ்வு' என்று மண்டப வாசலில் பதாகை கட்டியிருந்தார்கள். மேடை நடுவே மேசை, நாற்காலி, ஒரு விளக்கு. அதில் சுகுமாறனை உட்கார வைத்தார்கள். கீழே உறுப்பினர்கள் குடும்பத்தோடு உட்கார்ந்து அவனையே பார்த்தார்கள். உண்மையிலேயே யாரும் பேசவில்லை. அவனுக்குக்கூட ஒரு கணம் நம்பிக்கை வந்தது. விஜயராணி பம்பைக் கழற்றவில்லை என்று தட்டினான். உடனே தேவதாஸ் மைக் முன்னால் வந்தார்.

"அன்புள்ளங்களே, எழுத்தாளர் எழுதத் தொடங்கிவிட்டார். இந்த அமைதியை நமக்கு வழங்கிய தலைவருக்குப் பலத்த கரவொலி தந்து, தொடர்ந்து அமைதி காப்போமாக!"

கரவொலி எழுந்தது. அமைதியைப் பற்றித் துணைத்தலைவர்கள் ஒவ்வொருவராகப் பேசினார்கள். இடையில் மகேந்திரன் வந்து எல்லாரையும் மூச்சை இழுத்துவிடச் சொன்னார். அமைதியின் பெருமையை விளக்கிச் சிறுமிகள் நடனமாடினார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சுகுமாறனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். விரல் தட்டுவதற்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று அதை எடுத்தான். அது தலைவருக்கு வருத்தம் என்று சொல்லித் திரும்பவும் போர்த்திவிட்டார்கள்.

அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டிய நாளில் அவன் தேவதாஸிடம் கெஞ்சினான். ஒரு வாரம் தள்ளிப்போடச் சொன்னான். டத்தோ தேதி என்றார் தேவதாஸ். அப்படியென்றால் கடைசி அத்தியாயம் இல்லாமலாவது அச்சடியுங்கள், வெற்றுப் பக்கமாக விடுங்கள், பின்னால் ஒட்டிக்கொள்ளலாம் என்றான்.

"அதெல்லாம் நீ கவலப்படாத சுகு," என்றார் தேவதாஸ். "செயற்குழு பாத்துக்கும்."

வெற்றுப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் என்று அவன் புரிந்துகொண்டான்.

வெளியீட்டு விழா சீரும் சிறப்புமாக நடந்தது. எங்கள் வழக்கப்படி நூல்களைத் தங்கநிறத் தாளில் சுற்றி, ரிப்பன் கட்டி வைத்திருந்தார்கள். டத்தோ ஒரு ரிப்பனைப் பிடித்துக்கொண்டு படமெடுத்துக்கொண்டார். பிறகு பிரமுகர்கள் ஒவ்வொருவராக மேடையேறி, கட்டுப் பிரிக்காத நூலைப் பெற்று, கட்டுப் பிரிக்காமலே இறங்கினார்கள். உள்ளே இருப்பது நாவலா, பிஸ்கட் டின்னா என்று மண்டபத்தில் ஒருவருக்கும் தெரியாது, கேட்கவும் இல்லை. சுகுமாறனின் ஏற்புரைக்கு முன்பே டத்தோ கிளம்பிவிட்டார். டத்தோ இல்லாத மேடையில் ஏற்புரை எதற்கு என்று தேசியகீதம் போட்டுவிட்டார்கள்.

சுகுமாறன் தனக்குக் கிடைத்த ஒரு பிரதியோடு வீட்டுக்கு விரைந்தான். இன்னும் வெயில் இருந்தது. விஜயராணி கட்டிலில் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வேன் சத்தம் கேட்டதுமே தலையைத் தூக்கி முடியை ஒதுக்கிக்கொண்டாள்.

"குடு, தொட்டுப் பாக்குறேன்." தங்கத்தாளைத் தடவினாள். ரிப்பனை அவளே அவிழ்த்தாள். அட்டையை முகர்ந்து பார்த்தாள். "நல்லாருக்குடா. மத்தது எல்லாம் கேட்டாச்சு. கடைசிய மட்டும் படி."

அங்கே வெற்றுப் பக்கம்தானே என்று சொல்ல வாயெடுத்தபடி கடைசிப் பக்கங்களைத் திறந்தான். வெற்றுப் பக்கம் இல்லை. 'விடியல்' என்று தலைப்புப் போட்ட ஓர் அத்தியாயம் இருந்தது. ஆக்கம்: செயற்குழு. அதில் மேலாளர் ஓடோடி வந்து விஜயராணியைத் தன் காரில் ஏற்றுகிறார். கம்பெனி செலவில் சிகிச்சை நடக்கிறது. கட்டைப் பிரித்ததும் அவள் முதலில் பார்ப்பது ஒரு தமிழ் நாவலை. பின்பு அவள் ஒரு பேரவையின் விழாவில் குத்துவிளக்கு ஏற்றுகிறாள்.

அக்கா அவன் பக்கம் காதைத் திருப்பிக் காத்திருந்தாள். சுகுமாறன் புத்தகத்தை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தான்.

"விஜயராணி பம்பைக் கழற்றவில்லை."

அதற்குமேல் தானாக வந்தது. காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு வந்தவர்கள் அவளைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டதைச் சொன்னான். லோரி வந்ததை, கூட வேலை செய்த பெண்கள் ஏறிக்கொண்டதை, அவர்களில் ஒருத்திகூட இறங்காததைச் சொன்னான். ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி ஜன்னலைச் சாத்தியதையும், மேலாளர் பின்வாசல் வழியாகக் காரை எடுத்துப் போனதையும் சொன்னான். நண்பகல் வெயிலில் கட்டுக்குள்ளிருந்து நீர் வழிந்ததையும், அவள் ஒரு கையால் துடைத்துக்கொண்டு நின்றதையும் சொன்னான். பள்ளிக்கூடம் விட்டு வந்த தம்பி தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தபோது, "நீ வீட்டுக்குப் போ, நான் நின்னுட்டு வரேன்" என்று அவள் சொன்னாள். பொழுது சாய்ந்ததும் பம்பை இறக்கி ஆபீஸ் கதவுக்கு முன்னால் வைத்துவிட்டு, வேலியைப் பிடித்துப் பிடித்து லயத்துக்கு வந்தாள். யாரும் எதுவும் கொடுக்கவில்லை. யாரும் வந்து கேட்கவும் இல்லை. அவன் சொல்லி நிறுத்தினான்.

விஜயராணி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏன்டா," என்றாள், "இவ்ளோ பெரிய அத்தியாயத்தை ஒரே பக்கத்துலயா அச்சடிச்சிருக்காங்க?"

அவன் ஒரு தடவைகூடப் பக்கத்தைத் திருப்பவில்லை. அப்போதுதான் அவனுக்கே தெரிந்தது.

"அவங்க என்னா போட்டிருக்காங்க, அதைச் சொல்லு."

"உனக்குக் கண்ணு தெரிஞ்சிருச்சின்னு போட்டிருக்காங்கக்கா."

"அப்படியா? எந்தக் கண்ணு?"

"ரெண்டும்."

விஜயராணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூச்சு முட்டுகிறவரை சிரித்தாள். அவன் முதுகைத் தடவிவிட்டான். சிரிப்பு அடங்கியதும், "இப்ப சொன்னியே, அதை மறுபடி சொல்லு. எழுதிக்கிட்டே சொல்லு" என்றாள்.

போனை எடுத்தான். அது துடித்துக்கொண்டிருந்தது. ஊக்கக் குழுவில் தாமரைகள் வந்து குவிந்திருந்தன. அவற்றுக்கு மேலே தேவதாஸின் செய்தி: மகிழ்ச்சியான செய்தி, டத்தோ அடுத்த நாவலுக்கும் தேதி கொடுத்துவிட்டார். அவன் படித்துக்கொண்டிருக்கும்போதே போன் அடிக்கத் தொடங்கியது. விஜயராணி கையை நீட்டி அதை வாங்கித் தலையணைக்கடியில் வைத்து, அதன்மேல் சாய்ந்துகொண்டாள்.

எழுத வீட்டில் தாள் இல்லை. கட்டிலின்மேல் கிடந்த தங்கத்தாளை எடுத்தான். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. தரையில் விரித்து, நான்கு மூலையிலும் ஊக்கக் குழு கொடுத்த ஆரஞ்சுப் பழங்களை வைத்து, எழுதத் தொடங்கும் விழாவில் தந்த பேனாவைத் திறந்தான். 'விஜயராணி பம்பைக் கழற்றவில்லை' என்று எழுதினான். தலையணைக்குக் கீழே போன் அடித்துக்கொண்டே இருந்தது.

"அதுக்கப்புறம்?" என்றாள் அக்கா.

"லோரி வந்துச்சு."

"ம். எழுது."